தோமாவின் எட்டு நாட்கள்

தமிழில் ஐயம் வேறு, திரிபு வேறு. மங்கிய வெளிச்சத்தில் தூரத்தில் தெரிவது கட்டையா, ஆளா என்று முடிவுக்கு வர முடியாமல் நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பு என்று துணிந்துவிடுவது திரிபு. ‘ஐயந்திரிபற’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டாலும், பழைய அளவை நூல்கள் இவற்றைத் தனித்தனிக் குறைகளாகத்தான் எண்ணின. திரிபில் இருப்பவர் முடிவுகட்டிவிட்டார். ஐயத்தில் இருப்பவருக்கு இன்னும் நாலடி கிட்டே போய்ப் பார்க்க இடம் இருக்கிறது.

கிறிஸ்தவ வாழ்வில் சந்தேகம் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். திருச்சபைத் தமிழில் ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்கு எதிராக நிற்பது ‘அவிசுவாசம்’, அதாவது நம்ப மறுப்பது. சந்தேகம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நம்பவும் முடியாமல், விட்டுப் போகவும் மனம் வராமல் நிற்பவரின் நிலை அது. மாற்கு எழுதிய நற்செய்தியில், நோயுற்ற மகனோடு இயேசுவிடம் வரும் ஒரு தகப்பன் தனக்கு நம்பிக்கை உண்டு என்றும், தன் நம்பிக்கையின்மைக்கு உதவி வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கதறுகிறார். அவர் மகன் சுகமாகிறான். அவரது அரைகுறை நம்பிக்கையை அங்கே யாரும் கண்டிக்கவில்லை.

சந்தேகத்துக்குப் பெயர்போன சீடர் தோமா. உயிர்த்தெழுந்த இயேசு மற்றச் சீடர்களுக்குத் தோன்றியபோது அவர் அங்கே இல்லை. ஆணித் தழும்புகளைக் கண்டு, விலாக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து இயேசு மீண்டும் வந்து, தொட்டுப் பார்க்கும்படி அவரையே அழைத்தார் என்கிறது யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம். முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் பற்றிப் பிரசங்கங்கள் ஏராளம். இடைப்பட்ட எட்டு நாட்களைப் பற்றி நற்செய்தி ஒன்றும் விவரிக்கவில்லை. ஆனால் எட்டாம் நாள் தோமா மற்றவர்களோடு அதே வீட்டில் இருந்தார் என்ற ஒரு செய்தியைத் தருகிறது. ‘நம்பவில்லை’ என்று வாய்விட்டுச் சொன்னவரை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் எழுந்து போய்விடவில்லை. படிப்படியாக விசுவாசத்துக்கு வருவது என்பதன் முழுக் கதையும் அந்த ஒரு குறிப்பில் இருக்கிறது.

அந்தத் தோமாவைத் தமிழகம் தன் மண்ணுக்குரியவராகவே எண்ணி வந்திருக்கிறது. கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கி, 72இல் சென்னைப் பரங்கிமலையில் கொல்லப்பட்டு, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. சாந்தோமில் அவர் கல்லறைமீது எழுந்த இன்றைய பேராலயம் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. 

ஆதித் திருச்சபையும் அவசரப்படவில்லை. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘அப்போஸ்தலிக்க மரபு’ என்னும் நூல், புதிதாக வருகிறவர் மூன்று ஆண்டு உபதேசம் கேட்ட பிறகே ஞானஸ்நானம் பெறலாம் என்று விதிக்கிறது. ஆள் கருத்தாயிருந்தால் காலத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அகுஸ்தீன் ஒன்பது ஆண்டுகள் மானி சமயத்தில் இருந்து, அதிலும் நிறைவு காணாமல், பிறகு எதையும் உறுதியாக அறிய முடியாது என்ற தத்துவத்தில் சிலகாலம் தங்கி, 387ஆம் ஆண்டு ஈஸ்டர் வேளையில் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. தாய் மோனிக்கா அத்தனை ஆண்டும் காத்திருந்தார். பிற்காலத்தில் குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுப்பது பரவலானபோது இந்த நீண்ட ஆயத்தக் காலம் தேய்ந்துபோனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவுப்படி 1972இல் கத்தோலிக்கத் திருச்சபை பெரியவர்களுக்கான படிநிலை ஆயத்தத்தைச் சடங்கு முறையாகவே மீட்டுக் கொண்டுவந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் வகுப்புகள் வேறொரு வகையில் இதே வேலையைச் செய்கின்றன. குழந்தையாக இருந்தபோது பெற்றோர் தனக்காகச் சொன்னதை, வளர்ந்த பிள்ளை யோசித்துத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இப்படி மெல்லத் தேடிச் சேர்வது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது அன்று. காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டால், அங்கே மெதுவான தேடல் புதிய செய்தி அன்று. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரின் வாதங்களையும் கேட்டுவிட்டு, எதிலும் மனம் நிற்காமல், காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் பாடம் கேட்ட பிறகே தன் வழியை உறுதி செய்கிறாள். இராமானுசர் இந்த ஊரில்தான் யாதவப் பிரகாசரிடம் படித்து, ஆசிரியரின் விளக்கங்களை ஏற்க முடியாமல் தவித்தார். அவர் மனத்தில் இருந்த கேள்விகளுக்குத் திருக்கச்சி நம்பி வழியாக வரதராசப் பெருமாள் ஆறு விடைகள் தந்தார் என்பதை வைணவர்கள் இன்றும் நெகிழ்ந்து சொல்வார்கள். கேள்வியோடு கோயிலுக்குப் போகலாம் என்பது காஞ்சிக்குப் பழகிய எண்ணம்.

இந்த ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி என்ற வடிவில் கிறிஸ்தவம் நுழைந்தது 1839இல். ஸ்காட்லாந்து திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரலில் சென்னை ஆர்மேனியன் தெருவில் 59 சிறுவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். அதுவே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளைகளில் ஒன்று காஞ்சியில் திறக்கப்பட்டது. ஆண்டர்சன் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830இல் தொடங்கிய முறையைப் பின்பற்றியவர் ஆண்டர்சன். ஆங்கிலமும் கணக்கும் கற்கவே பையன்கள் வந்தார்கள். வேதாகமமும் அன்றாடப் பாடங்களில் ஒன்று. கேட்கலாம், எதிர்க்கேள்வி போடலாம், ஆண்டுக்கணக்கில் கேட்டுவிட்டு அப்படியே வீட்டுக்கும் போகலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போனார்கள்.

சென்னைப் பள்ளியில் 1838இலேயே ஒரு புயல் வீசியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பதை அறிந்த மற்ற மாணவர்கள் அவர்களை நீக்கவோ தனியே உட்காரவைக்கவோ வேண்டும் என்று கேட்டார்கள். ஆண்டர்சன் இணங்கவில்லை. பலர் பள்ளியை விட்டுப் போனார்கள். அவர் அசையாமல் நின்றது அன்றைய சென்னையில் சிறிய செயல் இல்லை. அடுத்த புயல் 1841இல் வந்தது. இராஜகோபால், வெங்கடராமையா என்ற இரு மாணவர்கள் ஜூன் மாதத்திலும், எத்திராஜுலு ஆகஸ்ட் மாதத்திலும் ஞானஸ்நானம் பெற்றார்கள். நான்கு ஆண்டு வகுப்பறைப் பாடத்துக்குப் பிறகு எடுத்த முடிவு அது. ஊர் கொதித்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திக்கொண்டார்கள். மூவரும் பிற்காலத்தில் போதகர்களாகப் பணிசெய்தார்கள்.

அந்தப் பெற்றோரின் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. காஞ்சியின் தறிவீட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நூல் சுற்றுவது ஒருவர், பாவு பிணைப்பது ஒருவர், நெய்வது ஒருவர். கோர்வைச் சேலை என்றால் உடலையும் கரையையும் இணைக்க நெசவாளிக்குப் பக்கத்தில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். தெருவில் பாவை விரித்துச் சீர்செய்யும்போது அக்கம்பக்கத்தார் கைகொடுக்க வேண்டும். தெருவும் சாதியும் கோயில் திருவிழாவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மதம் மாறினால், வேலை, பெண் கொடுக்கல் வாங்கல், சாவுக்குத் தோள் கொடுப்பது எல்லாமே அறுந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே இங்கே ‘சந்தேகம்’ என்பதில் இறைவன் உண்டா என்ற கேள்வி சிறுபங்கு. அம்மா என்ன ஆவாள், தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள் என்பவைதான் பெரும்பங்கு. ஐரோப்பிய நூல்களில் சந்தேகத்தை அறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான போராட்டமாகவே சித்திரிப்பார்கள். தமிழ் நாட்டில் அது உறவுக்கும் நம்பிக்கைக்கும் இடையிலும் நடந்தது.

இந்த இரண்டு போராட்டங்களையும் ஒருசேர வாழ்ந்து, எழுத்திலும் வைத்துவிட்டுப் போனவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. பிறந்தது 1827இல், நெல்லைச் சீமையின் கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில். வீட்டில் கம்பராமாயணம் ஒலித்துக்கொண்டே இருந்தது. 1853இல் சாயர்புரத்தில் மிஷனரிகள் நடத்திய கல்வி நிலையத்துக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டது. மிஷனரி கால்டுவெல் அவரைத் தேர்ந்தெடுத்தார். அப்போது கிருஷ்ணபிள்ளைக்குக் கிறிஸ்தவத்தில் ஈடுபாடு கிடையாது. வைணவத்தில் ஊறியவராகவே போனார், வைணவராகவே பாடம் நடத்தினார். கால்டுவெல் கேட்டது நல்ல தமிழ். அதற்குமேல் எந்த நிபந்தனையும் அவருக்கு வைக்கப்படவில்லை.

பிறகு நடந்தது மெல்ல நடந்தது. சுற்றிலும் ஜெபமும் பாட்டும் கேட்கும் இடத்தில் அன்றாடம் இருந்தார். தமிழில் வந்திருந்த கிறிஸ்தவ நூல்கள் கைக்கு எட்டின. நெருங்கிய நண்பர் தனுக்கோடி ராஜு கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்தபோது, விவகாரம் புத்தகத்திலிருந்து நட்புக்குள் வந்துவிட்டது. கிருஷ்ணபிள்ளையை உலுக்கியது பாவத்தைப் பற்றிய கேள்வி. செய்த பிழைக்குப் பரிகாரம் எது, அதைச் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்று அவர் திரும்பத் திரும்ப எண்ணினார். வைணவம் அவருக்குச் சரணாகதியைக் கற்றுக் கொடுத்திருந்தது. தன் முயற்சியால் கரையேற முடியாது, இறைவன் திருவடியைப் பற்றிக்கொள்வதே வழி என்ற அந்தப் பாடம், சிலுவையில் தன்னைப் பலியாகக் கொடுத்த கிறிஸ்துவைப் பார்க்க அவருக்குக் கண் கொடுத்தது. பழைய நம்பிக்கை புதிய நம்பிக்கைக்கு எதிரியாக நின்றதைவிட ஏணியாக நின்றதே அதிகம். அவரை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டென்னிஸ் ஹட்சன் இந்த இணைகளை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

சாயர்புரத்துக்குப் போனதற்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள். 1858 ஏப்ரல் 18 அன்று, சொந்த ஊரிலிருந்து தொலைவில், சென்னை மயிலாப்பூரில், அதே தோமாவின் பெயர் கொண்ட ஆலயத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ‘ஹென்றி ஆல்பிரெட்’ என்ற பெயர் முன்னால் சேர்ந்தது. கிருஷ்ணன் பெயர் அப்படியே பின்னால் இருந்தது. அவர் அதை நீக்கவே இல்லை. தம்பி முத்தையா பிள்ளையும் கிறிஸ்தவரானார்.

சென்னையில் கிருஷ்ணபிள்ளை வேலைபார்த்த இடங்களில் ஒன்று பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1855இல் தொடங்கிய ‘தினவர்த்தமானி’ பத்திரிகை. பெர்சிவலையும் அந்தப் பத்திரிகையையும் சுற்றி மூன்று வாழ்க்கைகள் வெவ்வேறு திசையில் போனதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்க முடியாது. பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்க அவருக்கு உதவியவர் ஆறுமுக நாவலர். பல ஆண்டுகள் வேதாகமத்தின் ஒவ்வொரு வாக்கியத்தோடும் பழகியவர், முன்னிலும் உறுதியான சைவராக 1848இல் அந்தப் பணியை விட்டு வெளியேறினார். தினவர்த்தமானியின் ஆசிரியராக இருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து, வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, பிறகு சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றி, அழியாமல் காத்த பெருமகன் அவர். அதே பத்திரிகையின் வழியாக வந்த கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவின் பக்கம் போனார். மூவரும் மேலோட்டமாக மாறியவர்கள் என்றோ ஆதாயத்துக்குப் போனவர்கள் என்றோ யாரும் சொல்ல முடியாது. ஐயம் உண்மையானதாக இருந்தால் அதன் முடிவை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சி தமிழ் வரலாற்றில் கிடைப்பது அரிது.

இதை ஏற்றுக்கொண்ட மிஷனரிகளும் இருந்தார்கள். 1862இல் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர், ஆண்டர்சனின் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரியின் பலனை ஞானஸ்நானக் கணக்கால் அளக்கக் கூடாது என்று வாதிட்டார். கிறிஸ்துவின் எண்ணங்கள் சமுதாயத்தில் புளித்த மாவுபோல மெல்லப் பரவட்டும் என்பது அவர் கொள்கை. தாய்நாட்டுச் சபையார் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் படித்த வி. சக்கரை செட்டியார் 1903இல் தானாக ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய அவர், இந்தியச் சிந்தனையில் வேரூன்றி இயேசுவை அவதாரமாக விளக்கும் இறையியலை எழுதினார். யாரும் பிடித்துத் தள்ளாத இடத்தில்தான் அவரைப் போன்றவர்கள் தங்கள் சொந்த நடையில் நடந்து வர முடிந்தது.

ஞானஸ்நானத்தோடு சந்தேகம் முடிந்துவிடும் என்று நினைப்பது தவறு. பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பங்களில் இது வேறு வடிவில் எழுகிறது. முழங்கால் தேயும்வரை ஜெபித்தும் பிள்ளை பிழைக்காமல் போன வீட்டில் எழுகிறது. பரிணாமத்தைப் பாடத்தில் படித்துவிட்டு ஆதியாகமத்தைத் திறக்கும் கல்லூரி மாணவியிடம் எழுகிறது. தமிழ்ச் சபைகளில் இன்னொரு காரணமும் உண்டு, அது மிகக் கசப்பானது. எல்லோரும் கிறிஸ்துவில் ஒன்று என்று பீடத்திலிருந்து கேட்டவர்கள், சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். இத்தனை காலம் கழித்தும் அந்தக் கேள்வி தீரவில்லை. இதைக் கண்டு சந்தேகப்படும் இளைஞரை விசுவாசத்தில் குறைவுள்ளவர் என்று சொல்வது அநியாயம். சபை சொன்னதைச் சபையே நம்புகிறதா என்றுதான் அவர் கேட்கிறார்.

நெடுநாள் ஊழியம் செய்தவர்களுக்கும் இருள் வரும். அன்னை தெரேசா இறந்து பத்து ஆண்டுக்குப் பின், 2007இல், அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இறைவன் அருகில் இருப்பதாக அவர் உணரவில்லை என்று அவற்றிலிருந்து தெரிந்தபோது பலர் அதிர்ந்தார்கள். அந்த ஆண்டுகள் முழுதும் அவர் விடியற்காலையில் எழுந்து ஜெபித்தார், சாகக் கிடந்தவர்களின் புண்ணைக் கழுவினார். விசுவாசம் என்பதை உணர்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இது புரியாது. பழைய தமிழ் வேதாகமம் ‘விசுவாசம்’ என்று சொல்லும் இடத்தில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை’ என்கிறது. நம்பிக்கைக்குரியவராக நடந்துகொள்ளுதல், சொன்ன சொல்லில் நிற்றல் என்ற பொருள் ‘விசுவாசமாக இருத்தல்’ என்ற வழக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெரேசாவுக்கு இருந்தது அந்த விசுவாசம்.

சந்தேகத்தோடு வருகிறவரிடம் அனுபவமுள்ள ஆயர்கள் உடனே விடை சொல்லத் தொடங்குவதில்லை. கேள்வி புத்தியிலிருந்து வருகிறதா, துக்கத்திலிருந்து வருகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு இறையியல் விளக்கம் கொடுமை. அவருக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார ஓர் ஆள். வாசித்துக் குழம்பியவருக்கோ நல்ல விளக்கம் தேவை. ‘ஜெபம் பண்ணுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவரை அனுப்பிவிட்டால் அவர் அடுத்த முறை கேட்கமாட்டார். சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஏன் கைவிட்டீர், எதுவரைக்கும் மறைந்திருப்பீர் என்று இறைவனையே கேட்கும் பாட்டுகள் அவை. அவற்றை ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது, சந்தேகப்படுகிறவருக்குத் தன் வாய்ச்சொல் சபையின் வாய்ச்சொல்லாகக் கேட்கிறது. விசுவாசம் திரும்பி வருவதும் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான். என்றைக்கு வந்தது என்று கேட்டால் பலரால் தேதி சொல்ல முடிவதில்லை.

கிருஷ்ணபிள்ளைக்குத் தேதி இருந்தது. ஆனாலும் தன் கதையை ஒரே நாளின் கதையாக அவர் எழுதவில்லை. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட, தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று பரவிய நூலை எடுத்துக்கொண்டு, கம்பனின் விருத்த நடையில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கினார். அது நூலாக வெளிவந்தது 1894இல். ஞானஸ்நானம் பெற்று முப்பத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆறு ஆண்டு கழித்து அவர் காலமானார். பன்யனின் பயணி தன் முதுகிலிருந்த பாவச் சுமையைச் சிலுவையடியில் இறக்கிவைப்பது கதையின் முற்பகுதியில். சந்தேகக் கோட்டையின் நிலவறையில் நண்பனோடு அடைபட்டு, உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்குச் சோர்வது அதற்கு வெகுநாள் பின்னால், பாதியைத் தாண்டிய பிறகு. சில நாள் இருட்டில் கிடந்தபின் வாக்குறுதி என்னும் சாவி தன்னிடமே இருப்பது நினைவுக்கு வந்து, பூட்டைத் திறந்துகொண்டு இருவரும் வெளியேறுகிறார்கள். வெளியே வந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, பின்னால் வருகிறவர்கள் அந்தக் கோட்டைக்குப் போகும் குறுக்கு வழியில் திரும்பிவிடாதபடி அங்கே ஓர் எச்சரிக்கைத் தூணை நாட்டுவது.